ஞாயிற்றுக்கிழமைக் குரல்

அன்பு மகள் சிட்டுவுக்கு,

அம்மா எழுதுவது. நீ அங்கே சௌக்கியம் என்று எனக்குத் தெரியும், வாராவாரம் உன் வாயாலேயே கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். இங்கே நாங்களும் நலம். இந்த வரியை எப்போதும் கை தானாகவே எழுதிவிடும், நான் யோசிப்பதுகூட இல்லை. இந்த முறை இதை எழுதுவதற்காகவே இத்தனை வாரம் காத்திருந்தேன், நேற்றிலிருந்துதான் அது உண்மை. இந்தத் தாளைக் கையில் வாங்கியதும் நீ முதலில் படிக்கமாட்டாய், விரலால் தேய்த்துப் பார்ப்பாய், வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடிப்பாய், காகித ஆலையின் ஆய்வுக்கூடத்துக்குப் பயிற்சிக்குப் போனதிலிருந்து உனக்கு அதே புத்தி என்று நீதான் சொன்னாய். மட்டமான தாள்தான், அச்சகத்தில் மிச்சமானது, திட்டாமல் படி. கமாவும் முற்றுப்புள்ளியும் அங்கங்கே தவறியிருக்கும். நாள் முழுக்க அடுத்தவர்கள் எழுதியதைக் கமா, முற்றுப்புள்ளி என்று வாய்விட்டுச் சொல்லிச் சொல்லியே வாசித்தவள் நான், சொந்தக் கடிதத்திலாவது அவற்றை விட்டுத்தள்ளுகிறேன். உன்னிடம் சொல்ல இரண்டு விஷயம் இருக்கிறது. ஒன்று நல்லபடியாக முடிந்துவிட்டது, அதற்காக நீ பதறவேண்டாம். இன்னொன்று முடியவில்லை, அது உன் கையிலும் என் தொண்டையிலும் இருக்கிறது.

நீ கிளம்பும்போதே எனக்குத் தொண்டை கட்டியிருந்தது நினைவிருக்கும். வெந்நீர் குடி, துண்டைச் சுற்றிக்கொள் என்று ரயில் நகரும் வரை சொல்லிக்கொண்டே போனாய். அது போகவே இல்லை. அச்சகத்தில் அப்போது ஒரு தடித்த விதிப்புத்தகம் வந்திருந்தது, ஒரு விதிக்குள் எட்டு உட்பிரிவு, ஒவ்வொன்றிலும் அடைப்புக்குறி. நான் மூலத்தைப் பார்த்து வாசிக்க, எதிரில் உட்கார்ந்து நம் மெய்ப்பு அண்ணன் அச்சடித்த தாளில் திருத்துவார், நாங்கள் இருவரும் எவ்வளவு காலமாக அப்படி எதிரும் புதிருமாக உட்கார்ந்திருக்கிறோம் என்று உனக்குத் தெரியும். ஒருநாள் அவர் பென்சிலைக் கீழே வைத்துவிட்டு, "ஏம்மா, உதடு அசையறது தெரியுது, சத்தம் மட்டும் வரமாட்டேங்குது, நான் என்ன ஊமைப்படமா பார்க்கறேன்" என்றார். எனக்குப் பேச்சு வராது என்று ஊரே சொல்லும், நாலு பேர் இருக்கிற இடத்தில் பெயர் கேட்டால்கூட விழுங்கி விழுங்கித்தான் சொல்வேன், ஆனால் அடுத்தவர் எழுதியதை வாசிக்கச் சொன்னால் அந்த அச்சகத்தின் கூரை வரை கேட்கும். நம் வீட்டில் முதன்முதலாகப் பட்டம் வாங்கியவள் நான், ஆனாலும் அவர்கள் என்னை வேலைக்கு எடுத்தது அந்தக் குரலுக்காகத்தான். அதுவும் போய்விட்டால் எனக்கென்று சத்தமாக எதுவும் இல்லை. பயந்துபோய் அப்பாவிடம் சொன்னேன், அப்பா உன் சித்தியிடம் சொன்னார். மாடியில் குடியிருப்பவளுக்கு நம் வீட்டுச் செய்தி தெரியாமல் இருக்க முடியுமா, அப்பா சொல்லி முடிப்பதற்குள் அவள் செருப்பை மாட்டிக்கொண்டு கீழே நின்றாள். "நீ டாக்டர்கிட்டப் போய் வாயைத் திறக்கவே ஒரு மணி நேரம் ஆகும், நான் வரேன்" என்றாள்.

காது மூக்கு தொண்டை டாக்டர் ஒரு சின்னப் பெண். உன்னைவிட நாலைந்து வயது மூத்தவளாக இருப்பாள், வெளியே காத்திருந்தபோதே அவளுடைய அம்மா சாப்பாட்டுக் கேரியரைக் கொண்டுவந்து வரவேற்பில் வைத்துவிட்டு, கண்ணாடிக் கதவு வழியாக மகளை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனாள். ஒரே ஊர், ஒரே தெரு, தினமும் பார்க்கலாம். அங்கேயே எனக்கு வயிறு எரிய ஆரம்பித்துவிட்டது, சொல்லிவிடுகிறேன். உள்ளே போனதும் டாக்டர் என்னைக் கேட்கிறாள், எத்தனை நாளாக இருக்கிறது, வலி உண்டா, விழுங்க முடிகிறதா என்று, பதில் எல்லாம் சித்தி சொல்கிறாள். என் தொண்டையில் எப்போது உறுத்துகிறது என்றுகூட அவளுக்குத்தான் தெரிந்திருக்கிறது. முதலில் டாக்டர் என் நாக்கை ஒரு துணியால் பிடித்து வெளியே இழுத்து, சின்னக் கண்ணாடி ஒன்றைச் சூடுகாட்டி உள்ளே வைத்துப் பார்த்தாள். எனக்குக் குமட்டிக்கொண்டு வந்து கண்ணெல்லாம் தண்ணீர். நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டாள் என்று பேச்சுக்குச் சொல்வோம் அல்லவா, நிஜமாகவே நாக்கைப் பிடித்துக்கொண்டு கேட்டால் எப்படி இருக்கும் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன். சரிப்படவில்லை, மூக்கு வழியாகக் குழாய் விட்டுப் பார்க்கலாம் என்றாள். சித்தி உடனே, "இவ எதுலயும் மூக்கை நுழைக்கமாட்டா டாக்டர், இவ மூக்குலயே நுழைக்கணும்னா கஷ்டம்தான்" என்று சொல்ல, டாக்டரும் நர்ஸும் சிரிக்கிறார்கள். நான் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

மருந்தில் நனைத்த பஞ்சை மூக்குக்குள் வைத்துக் கொஞ்ச நேரம் விட்டார்கள். கசப்பாக ஏதோ தொண்டைக்குள் இறங்கியது, அதற்குப் பிறகு தொண்டை என்னுடையதாக இல்லை, யாரோ ஒரு கல்லை வைத்துத் தைத்துவிட்டதுபோல் இருந்தது. அந்தக் குழாய் நாம் பயந்த மாதிரி தடியாக இல்லை சிட்டு, மேஜை விளக்கின் வயரைவிட மெலிசு, கறுப்பாக, முனையில் ஒரு வெளிச்சப் பொட்டு. உள்ளே போகும்போது வலி இல்லை, தும்மல் வரப்போய் வராமல் நிற்குமே அந்த மாதிரி ஒரு அவஸ்தை. மூக்கால் மூச்சு விடுங்கள், எச்சிலை விழுங்குங்கள், இப்போது ஈ என்று நீட்டிச் சொல்லுங்கள் என்று டாக்டர் ஒவ்வொன்றாகச் சொன்னாள். நான் ஈ என்றேன். தரையில் நாற்காலியை இழுக்கிற சத்தம் மாதிரி வந்தது. எனக்கு எதிரே எதுவும் தெரியவில்லை, சுவரில் இருந்த ஒரு நாட்காட்டியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன், திரை என் தோளுக்குப் பின்னால் இருந்தது. திரைக்கு நேரே நின்றவள் சித்தி. "அக்கா, பளபளன்னு இருக்குக்கா, ரெண்டு வெள்ளை நாடா மாதிரி திறந்து திறந்து மூடுது, ஐயோ ஒரு ஓரத்துல ரவை மாதிரி ஒண்ணு ஒட்டிக்கிட்டிருக்கு" என்று அவள் சொல்லித்தான் எனக்குத் தெரிகிறது. என் தொண்டைக்குள் என்ன இருக்கிறது என்பதைக்கூட அவள்தான் முதலில் பார்த்தாள். அதற்குப் பிறகு டாக்டர் திரையை என் பக்கம் திருப்பினாள், நானும் பார்த்தேன், ஆனால் ஏற்கனவே ஒருத்தி பார்த்துச் சொன்னதை இரண்டாவதாகப் பார்த்த மாதிரிதான் இருந்தது. "எனக்கும் உள்ள இப்படித்தான் இருக்குமா டாக்டர்" என்று சித்தி கேட்டாள். எல்லோருக்கும் இப்படித்தான், ஆனால் ரவை இருக்காது என்றாள் டாக்டர். மரத்துப்போன தொண்டையோடு ஒரு மணி நேரத்துக்கு எதுவும் குடிக்கக்கூடாது என்று என்னைப் பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு, சித்தி பக்கத்திலேயே நின்று சுடச்சுடத் தேநீர் குடித்தாள். ஊதி ஊதிக் குடித்தாள்.

குரல்நாணில் ஒரு சின்ன சதை வளர்ந்திருக்கிறது, ஓயாமல் உரக்க வாசித்ததில் வந்திருக்கலாம், எடுத்துச் சோதனைக்கு அனுப்பிவிடுவோம், அதுவரை ஒரு சொல்கூடப் பேசக்கூடாது, கிசுகிசுத்தால் அது இன்னும் மோசம், எழுதிக் காட்டுங்கள் என்று டாக்டர் சொல்லி அனுப்பினாள். சோதனை என்ற சொல்லைக் கேட்டதும் அப்பா மின்சார மீட்டர் படிக்கப் போகிற பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசலிலேயே கொஞ்ச நேரம் நின்றார், அன்றைக்கு எத்தனை வீட்டில் தப்பாகப் படித்துவிட்டு வந்தாரோ தெரியாது. அதற்கு இரண்டு நாள் கழித்து ஞாயிற்றுக்கிழமை, நீ விடுதிப் போனிலிருந்து பேசுகிற நேரம். கூடத்தில் மணி அடிக்கிறது. அப்பா வெளியே போயிருந்தார், நான் எடுக்கமுடியாது, சித்தி கையைத் துடைத்துக்கொண்டு எடுத்து ஹலோ என்றாள். நீ, "அம்மா, குரல் நல்லாயிடுச்சே" என்று ஒரு சந்தோஷத்தோடு சொன்னாயே, பக்கத்தில் நின்ற எனக்கே கேட்டது. சித்தி என்னைப் பார்த்தாள், நான் அவளைப் பார்த்தேன். எங்கள் இருவர் குரலும் போனில் ஒன்றுபோல் இருக்கும் என்பது புதிதா, உன் அப்பாவே ஒருமுறை ஆபீஸிலிருந்து பேசி, இவளை நான் என்று நினைத்து, உன் தங்கச்சி வந்தாலே வீட்டில் சர்க்கரை டப்பா காலியாகிறது என்று சொன்ன கதை உனக்குத் தெரியும். நான் அம்மா இல்லடி, சித்தி என்று அவள் சொல்லியிருக்கவேண்டும், எப்படிச் சொல்வது, அம்மா எங்கே என்று அடுத்த கேள்வி வருமே. "ஆமாண்டி, நல்லாயிடுச்சு" என்றாள் அவள். அவ்வளவுதான். ஆரம்பித்தது அப்படித்தான்.

அப்பா திரும்பி வந்து கேட்டுவிட்டு, கோபப்படுவார் என்று பார்த்தால், "அதுவும் நல்லதுக்குத்தான். அவளுக்குத் தெரிஞ்சா மறுநாள் மூட்டை முடிச்சோட வந்து நிப்பா, நடுவுல வந்தா பயிற்சியில திரும்பச் சேர்க்கமாட்டாங்க. சோதனை முடிவு வரட்டும்" என்றார். நானும் தலையை ஆட்டினேன். சோதனை முடிவு என்னவாக வரும் என்று தெரியாதபோது உன்னை அங்கே தனியாக அழவைக்க எனக்கு மனசு வரவில்லை, அதுவரை சரி. ஆனால் தலையை ஆட்டும்போது எனக்கு ஒன்று தெரியவில்லை, பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பது எப்படி இருக்கும் என்று. ஒவ்வொரு ஞாயிறும் சித்தி கூடத்து நாற்காலியில், நான் முக்காலியில், ஒரே ரிசீவருக்கு இரண்டு காது. கன்னத்தோடு கன்னம் ஒட்டி உட்கார்ந்திருப்போம், சின்ன வயசில்கூட நாங்கள் அப்படி உட்கார்ந்ததில்லை. பேசுகிற சுவாரஸ்யத்தில் அவள் ரிசீவரை மெல்ல மெல்லத் தன் பக்கம் சாய்த்துக்கொண்டே போவாள், நான் கழுத்தை நீட்டிக்கொண்டே போவேன். உன் விடுதியை நடத்துகிற அம்மாள் நீ காய்ச்சலாகக் கிடந்தபோது பால் கொண்டுவந்து கொடுத்து நெற்றியைத் தொட்டுப் பார்த்ததைச் சொன்னாய். எனக்கு அந்த அம்மாள் மீது ஒரு எரிச்சல், சித்தி என்னவென்றால் "நல்லவங்கடி அவங்க, கேட்டேன்னு சொல்லு" என்கிறாள். காகிதக் கூழில் நார் எவ்வளவு என்று பார்க்க எப்படிக் கலக்குவது என்று விளக்கினாய், உன் மேலாளர் நடக்கிற நடையைச் சொல்லிச் சிரித்தாய், உன்னோடு தங்கியிருக்கிற பெண் தூக்கத்தில் கணக்குப் போடுவதைச் சொன்னாய். என்னிடம் பேசும்போது நீ ஒருநாளும் இவ்வளவு சொன்னதில்லை. சாப்பிட்டேன், தூங்கினேன், வேலை இருக்கு வைக்கட்டுமா, இதுதான் நம் பேச்சு. நானும் மேலே கேட்கத் தெரியாமல், ஸ்வெட்டர் போட்டுக்கொள் என்று சொல்லி வைத்துவிடுவேன். உன் சிரிப்பு அந்த ரிசீவருக்குள் அவ்வளவு நீளமாக இருக்கும் என்று எனக்கு அந்த வாரங்களில்தான் தெரியும். கேட்கக் கேட்கச் சந்தோஷம், அதே நேரத்தில் அடிவயிற்றில் யாரோ அடுப்பு மூட்டுகிற மாதிரி. ஒரு ஞாயிறாவது நீ நடுவில் நிறுத்தி, நீ யாரு, எங்க அம்மா எங்கே என்று கேட்பாய் என்று காத்திருந்தேன். நீ கேட்கவில்லை. இதை உன்மேல் குறையாகச் சொல்லவில்லை என்று எழுதத்தான் நினைத்தேன், குறையாகத்தான் சொல்கிறேன். பெற்ற தொண்டைக்கும் மாடிவீட்டுத் தொண்டைக்கும் உனக்கு வித்தியாசம் தெரியவில்லையே.

நடுவில் ஒரு வியாழக்கிழமை மயக்கம் கொடுத்து அந்தச் சதையை எடுத்துவிட்டார்கள். வாய் வழியாகவே ஒரு நேரான குழாயை வைத்து, பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டே எடுப்பார்களாம், வெளியே கத்திக்காயம் எதுவும் கிடையாது. கண் விழித்தபோது மேல் பல் கொஞ்சம் வலித்தது, தொண்டையில் முள் இருக்கிற மாதிரி, அவ்வளவுதான். இருமலை அடக்கச் சொன்னார்கள், கனைக்கவும் கூடாது. அப்பா என் கட்டிலின் பக்கத்தில் உட்கார்ந்து, தானும் பேசாமல் எழுதிக் காட்டிக்கொண்டிருந்தார், உங்களுக்கு என்ன வந்தது, நீங்கள் பேசலாமே என்று நான் எழுதிக் காட்டியதும்தான் அசடு வழிந்தார். அதற்கு அடுத்த ஞாயிறுதான் நான் சொல்லவந்தது. சோதனை முடிவு இன்னும் வரவில்லை, என் மடியில் அச்சகத்துப் பழைய ப்ரூஃப் தாள், பின்பக்கம் வெள்ளை, கையில் பென்சில். சித்தி என்ன கேட்கவேண்டும் என்று நான் எழுதிக் காட்டுவதாக ஏற்பாடு, அவள் பாதி நேரம் அதைப் பார்ப்பதே இல்லை. நீ வழக்கம்போல ஆரம்பித்து, பிறகு குரலைத் தாழ்த்தி, "அம்மா, இங்கயே நிரந்தரமா எடுத்துக்கறோம்ங்கறாங்க. ஒத்துக்கிட்டா மூணு வருஷத்துக்கு நகர முடியாது. மாசக் கடைசிக்குள்ள சொல்லணும். நான் என்ன பண்ணட்டும்" என்று கேட்டாய். என்னைத்தான் கேட்டாய் சிட்டு. அம்மா என்று கூப்பிட்டுக் கேட்டாய். பயிற்சி முடிந்ததும் நீ இங்கே வந்துவிடுவாய், நம் அச்சகத்துக்குத் தாள் அனுப்புகிற கிடங்கில் தரம் பார்க்க ஆள் வேண்டும் என்கிறார்கள், சாயங்காலம் ஆனால் வீட்டுக்கு வந்துவிடலாம் என்று நான் மனக்கோட்டை கட்டிவைத்திருந்தது உனக்குத் தெரியும், அதனால்தான் குரலைத் தாழ்த்தினாய். நான் அவசர அவசரமாக, எங்கே தங்குவாய், துணைக்கு யார், உடம்புக்கு வந்தால் யார் பார்ப்பார்கள் என்று எழுத ஆரம்பித்தேன், முதல் கேள்வியில் பாதிகூட முடியவில்லை, சித்தி தாளைப் பார்க்காமலேயே, "உனக்குப் பிடிச்சிருக்காடி" என்றாள். பிடிச்சிருக்கும்மா என்றாய். "அப்புறம் என்ன, சரின்னு சொல்லு. நான் இங்கதானே இருக்கேன், எங்க ஓடிடப்போறேன்" என்றாள்.

நீ மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. பிறகு, "இதை உன்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு எவ்வளவு நாளா பயந்துக்கிட்டிருந்தேன் தெரியுமா. நீ முன்ன மாதிரி இல்லம்மா, இப்பல்லாம் உன்கிட்டப் பேசறது சுலபமா இருக்கு" என்றாய். என் பென்சில் அங்கேயே நின்றுவிட்டது. வேண்டாம் என்று பெரிதாக எழுதி சித்தியின் மூக்குக்கு முன்னால் நீட்டியிருக்கலாம், நேரம் இருந்தது, நீ விடுதிக் கதையெல்லாம் இன்னும் சொல்லிக்கொண்டுதான் இருந்தாய். அந்த வார்த்தைக்குப் பிறகு என்னால் எழுத முடியவில்லை. என் மகள் என்னிடம் பேசுவது சுலபமாக இருக்கிறது என்கிறாள், அந்த என்னிடம் நான் இல்லை.

போனை வைத்ததும் சண்டை. வாயைத் திறக்காமல் நான் போட்ட முதல் சண்டை அதுதான். தாள் தாளாக எழுதினேன், சித்தி கண்ணாடியை மாட்டிக்கொண்டு எழுத்துக்கூட்டி உரக்கப் படித்தாள். என் கோபம் எனக்கே மெதுவாக, அவள் குரலில், நிறுத்தி நிறுத்தித் திரும்பி வந்தது. "பாருங்க மச்சான், சண்டையிலயும் கமா போடறா" என்று அப்பாவிடம் காட்டுகிறாள், எனக்கு அழுகை வந்துகொண்டிருக்கிறது, அழவும் கூடாது, தொண்டை இறுகும். உனக்கென்ன, உன் பிள்ளைகள் இரண்டு பேரும் உன் தலைக்கு மேலே கட்டிலில் தூங்குகிறார்கள், என் ஒரே பிள்ளையை எடுத்துத் தூரமாகக் கொடுத்துவிட்டாய் என்று எழுதினேன். அதைப் படித்தபோது மட்டும் அவள் உரக்கப் படிக்கவில்லை. தாளை மடித்து மேஜையில் வைத்தாள். "நீயா இருந்தா பதினஞ்சு கேள்வி கேட்டிருப்பே, அவ ஒண்ணும் இல்லம்மான்னு சொல்லி வச்சிருப்பா, அந்தப் பக்கம் உட்கார்ந்து அழுதிருப்பா. நான் ஒரே கேள்விதான் கேட்டேன்" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, மாடிப்படி ஏறப்போனவள் திரும்பி வந்து, "என் ரெண்டு தடியனுங்களும் என்னை இந்தா, ஏய், சோறு போடுன்னுதான் கூப்பிடுதுங்க. வாரம் ஒரு தடவை ஒரு பொண்ணு அம்மான்னு கூப்பிட்டுப் பேசினா. ருசி கண்டுட்டேன்க்கா, போதுமா" என்றாள். நான் படித்ததில் அவளுக்குப் பொறாமை இருந்தது என்று சின்ன வயசிலிருந்து நினைத்துக்கொண்டிருந்தேன். அதெல்லாம் இல்லை, நீ எனக்கு இருப்பதில்தான் அவளுக்குப் பொறாமை. அதைக் கேட்டதும் என் வயிற்றெரிச்சல் அடங்கிவிட்டது என்று நினைக்காதே, பாதிதான் அடங்கியது. மறுவாரம் சோதனை முடிவு வந்தது, கெட்டது எதுவும் இல்லை, வெறும் சதைதான் என்று டாக்டரே போன் செய்து சொன்னாள். அந்தப் போனையும் சித்திதான் எடுத்தாள்.

நேற்று மறுபடி குழாய் விட்டுப் பார்க்கக் கூப்பிட்டிருந்தார்கள். சித்தி எப்போதும்போலக் கிளம்பி வந்தாள், அவளை வெளியே பெஞ்சில் உட்காரச் சொல்லி எழுதிக் காட்டிவிட்டு நான் தனியாக உள்ளே போனேன். திரையை முதலில் என் பக்கம் திருப்புங்கள், நான்தான் முதலில் பார்க்கவேண்டும் என்று ஒரு தாளில் எழுதி டாக்டரிடம் நீட்டினேன். இத்தனை வயசில் இப்படி ஒன்றைப் போய்க் கேட்கிறோமே என்று காது சுட்டது. அவள் சிரிக்கவில்லை, திரையைத் திருப்பி வைத்துவிட்டு நாற்காலியையும் நகர்த்திக் கொடுத்தாள். பஞ்சு, கசப்பு, அந்த வராத தும்மல், பிறகு திரையில் இருட்டான ஒரு வளைவு, அதைத் தாண்டியதும் அவை தெரிந்தன. வெள்ளையாக, ஓரம் நேராக, நான் மூச்சு இழுக்கும்போது விலகி, விடும்போது நெருங்கி. ஈ சொல்லுங்கள் என்றாள். இத்தனை வாரத்துக்குப் பிறகு பயந்து பயந்து ஈ என்றேன், இரண்டும் ஓடிவந்து ஒட்டிக்கொண்டு நடுங்கின. சத்தம் இன்னும் கரகரப்புத்தான், ஆனால் இழுத்த நாற்காலி இல்லை. நிறைய நேரம் பார்த்தேன். பார்த்து முடித்ததும் நானே எழுந்துபோய்க் கதவைத் திறந்து, பெஞ்சில் கைப்பையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவளை, வாடி, நீயும் வந்து பார் என்று கூப்பிட்டேன். என் புதுக்குரலில் முதல் பேச்சு அவளுக்குப் போய்விட்டது, போகட்டும், பாவம். உள்ளே வந்து டாக்டர் பதிந்து வைத்திருந்ததைப் பார்த்துவிட்டு, "ரவையைக் காணோமே" என்று ஏதோ அவள் தொலைத்துவிட்ட மாதிரி சொன்னாள்.

இனிமேல் நாள் முழுக்க உரக்க வாசிக்கிற வேலை கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டாள். அச்சகத்தில் என் நாற்காலியில் இப்போது புதிதாகச் சேர்ந்த ஒரு பெண் உட்கார்ந்து வாசிக்கிறாள், போய் எட்டிப் பார்த்தேன், தடுக்காமல் வாசிக்கிறாள், அடைப்புக்குறியைக்கூட அழகாகச் சொல்கிறாள், எனக்குப் பொறுக்கவில்லை. மெய்ப்பு அண்ணனுக்குக் கண் மங்கிக்கொண்டு வருகிறது, "நீங்க எதிர்ப்பக்கம் வந்து உட்காருங்க, அவ வாசிக்கட்டும், நீங்க கேட்டுத் திருத்துங்க" என்றார். அடுத்த மாதத்திலிருந்து போகிறேன். ஒன்றும் பேசாமல் கேட்டுக்கொண்டே இருக்கிற வேலைக்கு இந்த வாரங்களில் நல்ல பயிற்சி எடுத்திருக்கிறேன் என்று அப்பா கிண்டல் செய்கிறார். அவருக்கு முழங்கால் பரவாயில்லை, மாடிப்படி உள்ள வீட்டு மீட்டர்களை மட்டும் கடைசியில் வைத்துக்கொள்கிறார்.

சரி, இப்போது உன் விஷயம். ஒரு நாளைக்குப் பத்து நிமிஷம் பேசலாம், அதற்குமேல் வேண்டாம், கத்தக்கூடாது என்பது டாக்டர் கணக்கு. இந்தக் கடிதம் சனிக்கிழமைக்குள் உன் கைக்கு வந்துவிடும் என்று தபால் நிலையத்தில் சொல்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை நீ போன் செய். நான்தான் எடுப்பேன். சித்தி பக்கத்தில் முக்காலியில் உட்கார்ந்திருப்பாள், வரவேண்டாம் என்று சொல்ல எனக்கு மனசில்லை, ஆனால் ரிசீவரை என் பக்கமே வைத்துக்கொள்வேன், கேட்கவேண்டும் என்றால் அவள் கழுத்தை நீட்டட்டும். வேலை விஷயத்தை நீ மறுபடி என்னிடம் கேட்கவேண்டும். எனக்கு எதுவுமே தெரியாததுபோல, முதலிலிருந்து, நீ குரலைத் தாழ்த்தின இடத்தில் தாழ்த்தி. இந்தக் கடிதத்திலேயே உனக்குப் பதில் எழுதிவிடலாம், எழுதமாட்டேன். நான் அவளைப்போல ஒரே கேள்வியோடு விடமாட்டேன். எங்கே தங்குவாய், யார் துணை, உடம்புக்கு வந்தால் அந்த விடுதி அம்மாள் மட்டும்தானா, வருஷத்தில் எத்தனை முறை வருவாய், எல்லாம் கேட்பேன். உனக்கு எரிச்சல் வரும், வரட்டும், வைக்கட்டுமா என்று சொல்லாதே, ஒவ்வொன்றுக்கும் பதில் சொல். பிடித்திருக்கிறதா என்று கடைசியில் நானும் கேட்பேன், அதை அவளிடமிருந்து கற்றுக்கொண்டேன், ஒத்துக்கொள்கிறேன். அதற்குப் பிறகு நான் சொல்லப்போவதும் அவள் சொன்ன அதே சின்னச் சொல்தான் சிட்டு, தொண்டைக்கு ஒன்றும் சிரமம் இருக்காது. ஆனால் அது என் வாயிலிருந்து உன் காதுக்கு வரவேண்டும், அதுவரை நீ எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடக்கூடாது. இன்றைய பத்து நிமிஷத்தை நான் யாரிடமும் செலவழிக்கவில்லை, அப்பா இரண்டு முறை கூப்பிட்டார், சைகையிலேயே பதில் சொல்லிவிட்டேன்.

உடம்பைப் பார்த்துக்கொள். ஆய்வுக்கூடத்தில் ரசாயன நெடி இருந்தால் ஜன்னலைத் திறந்து வை, நிறையத் தண்ணீர் குடி, யாரோடும் கத்திப் பேசாதே, தொண்டை பத்திரம். நீ எங்கே இருந்தாலும் உன் வேலையும் உன் சிரிப்பும் குறையாமல் இருக்கவேண்டும், அதுதான் நானும் அப்பாவும் நாள்தோறும் வேண்டிக்கொள்வது. சித்தியும் தன் ஆசீர்வாதத்தை எழுதச் சொல்கிறாள், எழுதிவிட்டேன், எனக்குக் கீழே இருக்கட்டும். மறந்துவிடாதே, ஞாயிற்றுக்கிழமை ஹலோ என்று கரகரவென்று ஒரு குரல் கேட்டால் தவறான எண் என்று நினைத்து வைத்துவிடாதே. அது நான்தான்.

உன் பதிலைக் கேட்கக் காதோடு ரிசீவரும், சொல்லத் தொண்டையில் ஒரு சொல்லும் வைத்திருக்கும்,
உன் அம்மா